5000 எம்ஏஎச் போன் சாயங்காலமே செத்துவிடுகிறது, புது போனில் என்னதான் செய்ய வேண்டும்?

மே 4, காலை 9:12 (கேள்வி, கரூர் வாசகர்)

புது போன் வாங்கி நாலு நாள் ஆகிறது. பெட்டியில் பேட்டரி 5000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று போட்டிருக்கிறது. காலை ஆறு மணிக்கு 100%, சாயங்காலம் ஆறு மணிக்கு 12%. முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லிக் கடைக்காரர் அனுப்பினார். நான் அவசரத்தில் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். அதனால் பேட்டரி கெட்டுவிட்டதா? மாற்றிக் கேட்கலாமா?

மே 4, இரவு 9:40 (என் பதில்)

கெடவில்லை. அந்த எட்டு மணி நேரக் கதை நிக்கல் பேட்டரி போன்கள் இருந்த காலத்தது. அவை கடையில் சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கிவிடும், அப்போதைய சார்ஜர்களும் ஆமை வேகம். இப்போது இருப்பது லித்தியம் அயான். சோனி 1991-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதைக் கண்டுபிடித்ததற்காக குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபலும் கொடுத்து முடித்துவிட்டார்கள். நம்மூர்க் கடைகளில் மட்டும் எட்டு மணி நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறைந்ததும் போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். மிச்ச ஆறு மணி நேரம் வயர் சும்மா தொங்கும், அவ்வளவுதான்.

நாலு நாளில் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. புது போன் முதல் வாரம் முழுக்க உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். ஆப்கள் ஒவ்வொன்றாக அப்டேட் ஆகும், பழைய போட்டோக்கள் இறங்கும், அவற்றில் யார் முகம் எது என்று பிரித்து அடுக்கும். ஆண்ட்ராய்டு 9-இல் (2018) வந்த அடாப்டிவ் பேட்டரி நீங்கள் எந்த ஆப்பை எப்போது தொடுகிறீர்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் பழகும். பத்து நாள் பொறுங்கள்.

நானும் போன வாரம்தான் ஒரே மாடலில் இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, இன்னொன்று போடி பக்கம் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு. நடப்பதை அவ்வப்போது இங்கே எழுதுகிறேன்.

மே 5, காலை 7:05

இரண்டு போனிலும் என்ன செய்தேன் என்று கேட்டிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் முந்திய விஷயம், பழைய போனிலிருந்து ஆப்களை அப்படியே கொண்டுவரவா என்று தொடக்கத்தில் ஒரு திரை வரும். எல்லோரும் சரி என்று அழுத்திவிடுகிறோம். நான் இந்தத் தடவை அழுத்தவில்லை. என் பழைய போனில் 61 ஆப் இருந்தது. ஒவ்வொன்றும் தேவைப்பட்டபோது தேடிப் போட்டுக்கொண்டதில் இதுவரை 23. மிச்ச 38-ஐ நான் தேடவே இல்லை. 2023-இல் ஒரே ஒரு தடவை போன சுற்றுலாவின் பஸ் டிக்கெட் ஆப்பெல்லாம் மூன்று வருஷமாக நோட்டிபிகேஷன் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்புறம் திரை. ரெப்ரெஷ் ரேட் (திரை விநாடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) 120-இல் இருந்தது, அம்மாவுக்கு 60. 30 விநாடியில் அணையும்படி வைத்தேன். பூட்டுத்திரையில் தினமும் படம் மாற்றி விளம்பரம் காட்டும் சங்கதியை அணைத்தேன் (அணைக்கும் இடத்தை நாலு அடுக்குக்கு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள்). கூடவே வந்த விளையாட்டுகளை நீக்கினேன். லொகேஷனுக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு இருக்கும், வைஃபையை அணைத்தாலும் அவை தேடிக்கொண்டே இருக்கும், அவற்றையும் அணைத்தேன். வாட்ஸ்அப்பில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்தினேன். அம்மா இருக்கும் ஆறு குடும்பக் குரூப்பில் காலை வணக்கம் மட்டும் நாளுக்கு 40 படம் வரும். ரோஜாப்பூ, காபி, முருகன்.

டார்க் மோடும் போட்டேன். கறுப்பு என்றால் கரண்ட் மிச்சம்.

மே 5, காலை 7:20

திருத்தம். மேலே டார்க் மோடு பற்றி எழுதியது தப்பு. பெட்டியை எடுத்துப் பார்த்தேன், நான் வாங்கியது எல்சிடி திரை. எல்சிடியில் பின்னால் ஒரே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், படம் கறுப்போ வெள்ளையோ அதற்குக் கவலையில்லை. ஓஎல்இடி, அமோலெட் திரையில்தான் கறுப்புப் புள்ளி அணைந்தே இருக்கும். அதிலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-இல் அளந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் 30-50% வெளிச்சத்தில் சராசரியாக 3 முதல் 9% வரைதான் மிச்சம். வெளிச்சத்தை முழுசாக ஏற்றினால்தான் 39-47%.

கறுப்பில் எழுத்தே தெரியவில்லை என்று அம்மாவும் சொல்லிவிட்டார். எடுத்தாயிற்று.

மே 7, இரவு 10:15

வேடிக்கையைப் பாருங்கள். ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே செட்டிங். என் போன் காலை ஆறுக்கு 100, இப்போது 31. நாளெல்லாம் மேப், மெயில், யூடியூப் என்று ஓட்டியிருக்கிறேன். அம்மா போன் மத்தியானம் நாலு மணிக்கே 9%. அம்மா படம் பார்ப்பவர் இல்லை. தங்கச்சியோடு ஒரு வீடியோ கால், நாலைந்து சாதாரண கால், பஞ்சாங்கம். அவ்வளவுதான்.

எதிர்வீட்டுப் பையனை விட்டு பேட்டரிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். திரை எரிந்தது 1 மணி 10 நிமிஷம். பட்டியலில் முதலிடம் எந்த ஆப்புக்கும் இல்லை, 'மொபைல் நெட்வொர்க்' என்று இருக்கிறது.

5ஜிதான். சந்தேகமே இல்லை. 2022 அக்டோபரில் வந்தது, அந்தக் கிராமத்துக்கு இன்னும் ஒழுங்காக வரவில்லை. போன் 5ஜி கிடைக்குமா என்று எட்டிப் பார்ப்பதும் 4ஜிக்குத் திரும்புவதுமாகவே நாளைக் கழிக்கிறது. பையனிடம் சொல்லி 4ஜிக்கு மாற்றிவிட்டேன்.

மே 8, இரவு 9:30

4ஜிக்கு மாற்றியதும் மத்தியானம் நாலுக்கு 17%. கிட்டத்தட்ட இரட்டிப்பு! எல்லோரும் 5ஜியை அணையுங்கள்.

மே 10, காலை 11:00

முந்தாநாள் எழுதியதைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். நேற்று நாலு மணிக்கு 11%. அன்றைக்கு 17 இருந்ததற்குக் காரணம், அம்மா ஒரு கல்யாணத்துக்குத் தேனி போய்ப் பாதி நாள் அங்கே இருந்திருக்கிறார். ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு ஆச்சரியக்குறி போட்டால் இப்படித்தான்.

5ஜி பற்றி ஒருவர் விளக்கம் கேட்டிருந்தார். இரண்டு விதம் உண்டு. ஒன்று தனியாக நிற்கும், ஜியோ தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். இன்னொன்று 4ஜியைப் பிடித்துக்கொண்டே கூட 5ஜியையும் பிடிக்கும், ஏர்டெல் அந்த வழியில் தொடங்கியது. இரண்டாவதில் இரண்டு இணைப்பையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருப்பதால் செலவு கூடும். ஆனால் சிக்னல் நன்றாக இருக்கும் ஊரில் 5ஜியை அணைத்து மிச்சமாவது சொற்பம். மதுரையில் நான் இரண்டு நாள் அப்படியும் இரண்டு நாள் இப்படியும் வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் கண்ணில் படவில்லை.

மே 10, காலை 11:25

போனைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்ததில் அம்மாவுக்குப் போட மறந்துபோனேன். இப்போது போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்'. மத்தியான நேரம் எப்போது போட்டாலும் இதே பாட்டுத்தான். அந்த டவரைத் திட்டித் திட்டி எனக்கு வாய் வலிக்கிறது.

மே 12, இரவு 8:50

இன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அம்மா போனில் போன வாரம் எல்லா ஆப்பையும் 'ரெஸ்டிரிக்டட்' பண்ணச் சொல்லியிருந்தேன். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் மூன்று நிலை உண்டு, அன்ரெஸ்டிரிக்டட், ஆப்டிமைஸ்டு, ரெஸ்டிரிக்டட். கடைசி நிலையில் வைத்தால் நீங்கள் திறந்தால் ஒழிய அந்த ஆப்பால் பின்னால் ஒன்றும் செய்ய முடியாது. அம்மாவின் மாத்திரை நேரத்தைச் சொல்லும் ஆப்பும் அதில் போய்விட்டது. இரண்டு ராத்திரி மணி அடிக்கவில்லை, மாத்திரையும் போடவில்லை. பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொண்டேன், அம்மாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது.

இப்போது மாத்திரைக்குப் போனோடு வந்த சாதாரண அலாரத்தையே வைத்தாயிற்று. வாட்ஸ்அப்பும் பேங்க் ஆப்பும் ஆப்டிமைஸ்டில், அதாவது வாங்கும்போது இருந்த இடத்தில். ஆண்ட்ராய்டு 6 (2015) முதல் 'டோஸ்' என்று ஒன்று இருக்கிறது. போன் அசையாமல் திரை அணைந்து கிடந்தால் ஆப்களை எல்லாம் தானே தூங்க வைத்து நடுநடுவே மட்டும் எழுப்பிவிடும். அது பத்து வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிற வேலையை நான் ஒரே ராத்திரியில் மேம்படுத்தப் போனேன்.

மே 13, காலை 6:40

சமீபத்திய ஆப்களை விரலால் தள்ளித் தள்ளி மூடினால் சார்ஜ் நிற்குமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. நிற்காது. 2016-இல் ஆப்பிளின் கிரெய்க் பெடரிகி, கூகுளின் ஹிரோஷி லாக்ஹைமர் இரண்டு பேருமே வேண்டாத வேலை என்று சொல்லிவிட்டார்கள். மூடிய ஆப்பை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் செலவு அதிகம். என் மைத்துனர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் இதைத்தான் செய்வார். அது ஒரு பழக்கம், நகம் கடிப்பது மாதிரி. விட்டுவிடுங்கள்.

மே 14, இரவு 10:05

சார்ஜை 100% வரை ஏற்றாமல் 80%-இலேயே நிறுத்தலாமா என்று வாசகர்களுக்குள் இவ்வளவு சண்டை வேண்டாம். இன்றைக்கு எத்தனை மணி வரை தாங்கும் என்பது ஒரு கேள்வி. இரண்டு வருஷம் கழித்து எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்புகிறோம். 80-இல் நிறுத்தினால் இன்றைய கணக்கில் நஷ்டம், நாளைய கணக்கில் லாபம். லித்தியம் அயான் நிறைந்து உச்ச வோல்டேஜில், அதுவும் சூட்டில், நின்றுகொண்டே இருப்பதுதான் அதற்கு ஆகாது. ஐபோன் 15-இல் (2023) 80% வரம்பு வந்தது, ஆண்ட்ராய்டிலும் பல போன்களில் இருக்கிறது.

நான் 80 வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஆபீஸ் மேஜையிலேயே சார்ஜர் இருக்கிறது. அம்மாவுக்கு 100. அங்கே கரண்ட் எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத நாள்கள் உண்டு.

சூடுதான் நம்மூருக்கு நிஜமான எதிரி. 0 முதல் 35 டிகிரி வரையான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் நிழலே 35-ஐத் தாண்டுகிறது. பைக் ஹாண்டில்பாரில் மாட்டி மேப்பும் ஓட்டி, சார்ஜும் போட்டுக்கொண்டு போவது பேட்டரியை வறுப்பதற்குச் சமம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும் அப்படித்தான்.

ஒருவர் கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தார். 5000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 19 வாட் மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால்கூட ஒரு யூனிட்டில் 40 தடவை நிரப்பலாம். கவலையை ஏசி பக்கம் திருப்புங்கள்.

மே 15, இரவு 11:10

இரண்டாவது சிம்மாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா போனில் இரண்டு சிம், இரண்டாவதற்கு அந்த ஊரில் ஒரு புள்ளி சிக்னல். டவர் எட்டவில்லை என்றால் போன் சும்மா இருக்காது, தேடும். கிடைத்தாலும் தூரத்து டவருக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். 4ஜி போன் டவருக்கு அனுப்பும் சக்தியை அதிகபட்சமாக 200 மில்லிவாட் வரை ஏற்றும், டவர் பக்கத்தில் இருந்தால் அதில் ஒரு துளி போதும். சந்தைக்கடையில் பேசுவதற்கும் கோயில் பிரகாரத்தில் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அந்தச் சிம்மைக் கழற்றலாம் என்றால், பேங்க் ஓடிபி அதில்தான் வருகிறது. நாளைக்கு ஊருக்குப் போகிறேன். நேரில் பார்த்துவிடலாம்.

மே 16, இரவு 9:55, ஊரிலிருந்து

உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வந்ததும் செட்டிங்கில் சிம் நிலையைத் திறந்து வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அங்கே சிக்னல் டிபிஎம் கணக்கில் தெரியும், மைனஸ் எண். பூஜ்யத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது, -115-ஐத் தாண்டினால் திண்டாட்டம். திண்ணையில் -101. கூடத்தில் -109. அடுப்படியில் -117. மோசம்தான், ஆனால் கூடம் வரைக்கும் சமாளிக்கலாம். மத்தியானத்துக்குள் பேட்டரியைக் காலி பண்ணும் அளவுக்கு இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் படுத்திருந்தேன். பக்கத்துத் தெரு அத்தை வந்தார், அம்மா அவரோடு பேசிக்கொண்டே எழுந்து போய் போனை எடுத்துவந்து ஏதோ படம் காட்டினார். காட்டி முடித்ததும் திரும்ப உள்ளே போனார். டங் என்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்தான், சின்ன வயசிலிருந்து கேட்கிற சத்தம். பீரோ கதவு.

எழுந்து போய்ப் பார்த்தேன். இரும்புப் பீரோ. நடுத்தட்டில் பட்டுப்புடவைக்கு மேல், பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல், என் பதினாறாயிர ரூபாய்.

"இங்கயா வச்சிருக்கீங்க?"

"புதுப் போனாச்சேப்பா. தூசி படும். பல்லி வேற ஓடுது."

"யாராவது போன் போட்டா?"

"அடிச்சாக் கேக்கும். பூட்டா போட்டிருக்கேன்?"

அடித்தால்தானே கேட்கும். என் போனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, அம்மா போனிலிருந்து போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார். நாலு பக்கமும் இரும்புத் தகடு. கூடத்திலேயே -109 வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த சிக்னல் அதற்குள் எப்படிப் போகும்? வீட்டு வேலை முடித்துக் காலை ஒன்பது மணிக்கு உள்ளே போகும் போன் நாலு மணிக்கு வெளியே வரும். ஏழு மணி நேரம், இரண்டு சிம்மும் சேர்ந்து, டவர் எங்கே டவர் எங்கே என்று இருட்டில் தேடியிருக்கின்றன. கல்யாணத்துக்குப் போன அன்று மட்டும் கைப்பையில் இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் 17%.

ஆறு நாளுக்கு முன்னால் நானே இங்கே எழுதியிருக்கிறேன், மத்தியானம் போட்டால் எடுப்பதில்லை என்று. எழுதிவிட்டு டவரைத் திட்டினேன்.

மே 17, காலை 8:30

சிரித்து முடித்தவர்கள் கவனத்துக்கு: லிப்டு, பேஸ்மென்ட் பார்க்கிங், தகரக் கூரைக் குடோன், எல்லாம் பெரிய பீரோதான். நாள் முழுக்க அப்படிப்பட்ட இடத்தில் வேலை என்றால் ஏரோபிளேன் மோடு போட்டுவிட்டு, வைஃபை இருந்தால் அதை மட்டும் திரும்ப ஆன் பண்ணுங்கள். வைஃபை காலிங் ஆன் பண்ணியிருந்தால் காலும் அதன் வழியாகவே வரும், ஏர்டெல்லிலும் ஜியோவிலும் 2020 வாக்கிலேயே வந்துவிட்டது. எங்கள் ஊரில் வைஃபைக்கு வழியில்லை.

எதிர்வீட்டுப் பையனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க செட்டிங்தானே கேட்டீங்க அண்ணா" என்கிறான்.

மே 20, இரவு 9:15

இப்போது திண்ணைப் பக்கத்து ஜன்னல் ஆணியில் ஒரு துணிப் பை தொங்குகிறது, போன் அதற்குள். தூசிக்குத் துணி, பல்லிக்கு மேலே சுருக்குக் கயிறு. பேச்சுவார்த்தையில் எட்டிய சமரசம் இது. அம்மா போன் நேற்று ராத்திரி ஒன்பதுக்கு 52%, இன்றைக்கு 55. 5ஜியைத் திரும்ப ஆன் பண்ணிவிட்டேன், இரண்டாவது சிம்மும் உள்ளேயேதான் இருக்கிறது. முந்தாநாள் இரண்டையும் அணைத்து வைத்தபோது 57. அந்தச் சில்லறைக்காகப் பேங்க் ஓடிபியை இழக்க வேண்டாம்.

ரெப்ரெஷ் ரேட்டையும் 120-க்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் கொடுத்த காசு.

மே 20, இரவு 9:30

வேண்டாம், 60-லேயே இருக்கட்டும்.

மே 23, மத்தியானம் 1:10

கரூர்க்காரர் ஒருவழியாகப் பேட்டரிப் பக்கத்தின் படத்தைப் போட்டிருக்கிறார். பத்தொன்பது நாள் கழித்து. முதல் வரி: ஹாட்ஸ்பாட், 5 மணி 40 நிமிஷம். பையன் லேப்டாப்புக்கு இவர் போனிலிருந்துதான் நெட்டாம், "அது டேட்டாதானே சார் போகும், சார்ஜ் எதுக்குப் போகுது?" என்று கேட்கிறார்.

உங்கள் போன் அந்த நேரம் முழுக்க ஒரு பக்கம் டவரோடும் இன்னொரு பக்கம் லேப்டாப்போடும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது, சார். 12% மிச்சம் இருந்ததே பெரிய விஷயம். போனை மாற்ற வேண்டாம். பையன் படிக்கும்போது சார்ஜரில் போட்டு, சூடாகாமல் பேன் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

மே 29, இரவு 10:20

அம்மா போன் 58%. என் போன் 14%. மேட்ச் பார்த்தேன்.

பக்கத்துத் தெரு அத்தைக்கும் இதே மாடல் வேண்டுமாம், நாளைக்கு வாங்கி அனுப்ப வேண்டும். அவர் வீட்டில் பீரோ மரம்தானா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.